ரோட்டை விட்டு இறங்கியவன்

கொல்லிமலைக்கு மாறுதல் கேட்டு நானாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தபோது எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் நம்பவில்லை. வருவாய்த் துறையில் மலைக்குப் போகிறவன் ஏதோ தப்புப் பண்ணியவன் என்றுதான் கணக்கு. போய்ச் சேர்ந்த மறுநாளே கீழே இறங்குவதற்கு ஆள் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். “என்னய்யா, வீட்டில் சண்டையா?” என்று கண்காணிப்பாளர் கேட்டார். “இல்லீங்க சார், அங்கே எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கான்” என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

சிநேகிதன் அந்த மலையில் அரியூர் நாட்டுக்காரன்; அங்கே நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை. ஐயாயிரம் மீட்டர், பத்தாயிரம் மீட்டர் இரண்டு ஓட்டத்திலும் எங்கள் கல்லூரிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன். மாறுதல் உத்தரவு கைக்கு வந்ததும் அவனுக்குத்தான் முதலில் போன் போட்டேன். “வாடா வா. வூடு நான் பாத்து வெக்கறேன். நீ பொட்டியத் தூக்கிட்டு வந்தாப் போதும்” என்றான். செம்மேட்டில் ஒரு ஓட்டு வீட்டைப் பார்த்தும் வைத்தான். நான் வேலையில் சேர ஒன்பது நாள் இருந்தபோது, சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தவன், ஏணி சரிந்து விழுந்து இறந்துபோனான். நாற்பத்து மூன்று வயது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முதலில் போய் இறங்கியது அவன் அடக்கத்துக்கு.

அவனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. நேரில் சொல்ல வேண்டிய விஷயம். வருஷக்கணக்காக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் அவன் ஊருக்கே போய் உட்கார்ந்துகொண்டால் என்றைக்காவது வாய் திறக்காமலா இருப்போம் என்று நினைத்துத்தான் மாறுதலே கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் கல்லூரிக்கு வந்த புதிதில் எங்களுக்கெல்லாம் அவன் ஒரு வேடிக்கை. விடுதியின் எட்டு இட்லியைத் தின்றுவிட்டு, “இனி சோறு எப்போடா போடுவாங்க?” என்பான். மின்விசிறிச் சத்தத்தில் தூக்கம் வராது, கீழ்நாட்டு வெக்கையும் ஆகாது. பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். ஓட்டப்பந்தய மைதானத்தை முதன்முதலில் பார்த்தபோது வெள்ளைக் கோடுகளை ஒரு சுற்று கண்ணாலேயே சுற்றிவிட்டு, “பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வாரதுக்கு எதுக்குடா ஓடோணும்?” என்று கேட்டான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

முதல் வருஷம் கல்லூரி அணிக்கு ஆள் எடுத்தார்கள். எட்டு கிலோமீட்டர் ஓட்டம். கல்லூரி வாசலில் புறப்பட்டு, ஏரியைச் சுற்றிப் போகும் ரோட்டில் போய், வாசலுக்கே திரும்ப வேண்டும். முதல் வருஷக்காரர்களுக்கு அணியில் ஒரே ஓர் இடம்தான். முந்தின நாள் சாயந்தரம் பி.டி. சார் எல்லாரையும் நிற்கவைத்து விதி சொன்னார். ரோட்டை விட்டு யாரும் இறங்கக் கூடாது, இறங்கினால் அவுட். என் சிநேகிதன் கோயில் நோன்பிக்கு ஊருக்குப் போயிருந்தான். “உன் ரூம்காரன்கிட்ட நீ சொல்லிடு” என்று சார் என்னிடம் சொன்னார். சரிங்க சார் என்றேன்.

காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவன் நேராகக் கோட்டில் வந்து நின்றான். நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே மறைத்தேனா என்றால் இல்லை. ரோட்டில் ஓடுகிறவன் ரோட்டை விட்டு இறங்குவான் என்று எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

அவன் பிறந்தது எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே. அங்கே ரோடு பஸ்ஸுக்காகவும் லாரிக்காகவும் போட்டது. அது வளைந்து வளைந்து எப்போது வேண்டுமானாலும் வந்து சேரட்டும். மனிதர்கள் ஒற்றையடித் தடத்தில் நேராக இறங்கி நேராக ஏறிப் போய்விடுவார்கள். அவன் ஏரிக்கரைத் திருப்பத்தில் தூரத்தில் கல்லூரி வாசலைப் பார்த்தான். நடுவே சோளம் அறுத்த காடு வெறுமனே கிடந்தது. இறங்கிவிட்டான்.

நாங்கள் நாக்குத் தள்ள வந்து சேர்ந்தபோது அவன் தண்ணீர் குடித்து முடித்துச் சிரித்துக்கொண்டு நின்றான். சார் அவன் சட்டையைப் பிடித்தார். “ஏமாத்தறியா?” அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இவங்கெல்லாம் எதுக்குங்க சார் சுத்துனாங்க?” என்று கேட்டான். கூட்டமே சிரித்தது. சார் என் பக்கம் திரும்பி, “இவன்கிட்ட சொன்னியா?” என்றார். இரண்டாவதாக வந்தவன் நான். அவன் அவுட் என்றால் அந்த ஓர் இடம் எனக்கு. “சொன்னேன் சார்” என்றேன்.

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். அவ்வளவுதான். சாயந்தரம் அறைக்கு வந்து, “சோப்பு இருக்காடா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு குளிக்கப் போனான். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் அப்போதே அழுது தொலைத்திருப்பேன்.

அந்த வருஷம் அணியில் ஓடி நான் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தேன். அடுத்த வருஷம் அவனை எடுத்தார்கள். எடுத்த நாளிலிருந்து கோட்டைத் தாண்டாமல், பொறப்பட்ட இடத்துக்கே திரும்பித் திரும்பி வந்து எல்லாக் கோப்பையும் வாங்கினான். ஆனால் முதல் வருஷம் விழுந்த ‘ஷார்ட்கட்’ என்ற பட்டப்பெயர் போகவே இல்லை. கோப்பையோடு மேடையில் நிற்கும்போதும் கீழே இருந்து “ஷார்ட்கட்! ஷார்ட்கட்!” என்றுதான் கத்தினோம். நானும் கத்தினேன்.

படிப்பு முடிந்து காவலர் தேர்வுக்குப் போனான். ஓட்டத்தில் முதல் ஆள், உயரத்தில் கொஞ்சம் குறைச்சல். மலைக்கே திரும்பி மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டான். இன்னும் ஓடுகிறாயா என்று கேட்டால், “ஓடறதுக்கு நேரம் ஏதுடா” என்பான். ஆனால் செம்மேடு பஸ் கண்டக்டர் ஒருவர் எனக்குச் சொன்ன கதை வேறு. பஸ்ஸைத் தவறவிட்டால் இவன் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டானாம். தடத்தில் இறங்கி ஓடி, நாலு வளைவுக்குக் கீழே பஸ்ஸுக்கு முன்னால் நின்று கை காட்டுவானாம். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துவாராம்.

அவன் இறந்த வாரம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு எழுதினார்கள். எல்லாம் பாசத்தில் எழுதியதுதான். “சொர்க்கத்துக்கும் ஷார்ட்கட்டில் போயிட்டியேடா.” “ஏமாத்தி ஓடி மாட்டினது ஞாபகம் இருக்கா?” அழுகிற பொம்மை, சிரிக்கிற பொம்மை. அந்தக் குழுவில் அவன் நம்பரும் இருக்கிறது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அவன் போன் இப்போது மகளின் கையில் இருந்தது. பிளஸ் ஒன் படிக்கிறாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கோணும். இவரு ஏமாத்தி ஓடுனாருன்னு போன்ல எழுதியிருக்காங்களே, நெசமுங்களா? பாப்பா படிச்சுப்போட்டு ரெண்டு நாளா மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்குது.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நான் சொன்னது, “விசாரிச்சுச் சொல்றேம்மா.”

எங்கள் அலுவலகத்தில் ஒரு மனுவை வருஷக்கணக்கில் தூங்கவைக்க அந்த ஒரு வாக்கியம் போதும். அவளும் தலையாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். களி போடுவாள், சாப்பிடுவேன். அவன் அப்பாவிடம் கத்திக் கத்தி நலம் விசாரிப்பேன், அவருக்குக் காது மந்தம். மகளின் கணக்குப் பாடத்தைப் பார்த்துக் கொடுப்பேன். அவன் மனைவி மறுபடி கேட்கவே இல்லை. ஒவ்வொரு வாரமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போய், சொல்லாமல் திரும்புவேன். அவன் இருந்தபோது அவனுக்குப் பயந்தேன். இப்போது அந்தப் பெண்ணுக்கும் அவள் மகளுக்கும் பயந்தேன்.

வருஷம் திரும்பியபோது அவன் நினைவாக ஒரு ஓட்டம் நடத்த வேண்டும் என்று குழுவில் முடிவானது. சேலத்தில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பன் கோப்பைகள் கொடுப்பது, மலையில் இருக்கும் நான் மற்ற ஏற்பாடுகளைப் பார்ப்பது. ஐந்து கிலோமீட்டர். அவன் ஊர்க் கோயில் திடலில் புறப்பட்டு, பள்ளத்து நெல்வயலைச் சுற்றி வளைந்து போகும் தார்ரோட்டில் போய், அதே திடலுக்குத் திரும்புவது.

ஏற்பாட்டில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. காவல் நிலையத்துக்குக் கடிதம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடிதம், வளைவுக்கு வளைவு தண்ணீர்க் குடம், சுண்ணாம்புக் கோடு, எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு. அன்று காலை மைக்கைப் பிடித்து வண்டி எங்கே நிறுத்துவது, கழிப்பறை எங்கே, வாழைப்பழம் எப்போது என்று கால் மணி நேரம் பேசினேன். பள்ளி வாத்தியார்கள், எங்கள் அலுவலக ஆட்கள், கீழே இருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள், அரியூர் நாட்டிலும் ஆலத்தூர் நாட்டிலும் இருந்து வந்த ஆண்கள் பெண்கள் என்று எண்பது பேர் நின்றார்கள். அவன் மனைவி பச்சைக் கொடியை அசைத்தாள். மூடுபனி இன்னும் வயலை விட்டு எழவில்லை.

பதினோரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பனிக்குள் இருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. வயல் வரப்பில் வரிசையாகப் பெண்கள் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். ஓடை இருந்த இடத்தில் நின்று பின்னால் வருகிறவளுக்குக் கை கொடுத்துத் தாண்டவைத்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து கோட்டைத் தாண்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆண்கள், மறுபடி பெண்கள். ரோட்டில் போன வாத்தியார்களை இன்னும் காணோம்.

இருபத்தைந்து வருஷம் இந்த ஒன்றையே நினைத்து மருகியவன், அன்றைக்கும் சொல்ல மறந்திருந்தேன். கழிப்பறை சொன்னேன், வாழைப்பழம் சொன்னேன், ரோட்டை விட்டு இறங்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. ரோட்டில் ஓடுகிறவன் ரோட்டில்தானே ஓடுவான் என்ற எங்கள் ஊர்ப் புத்தி இன்னும் அப்படியே இருந்தது.

வகுப்பு நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “ஐந்து கிலோமீட்டர் பதினோரு நிமிஷம்! உலக சாதனைடா!” நகைக்கடைக்காரன் கையில் மைக் இருப்பதை மறந்து, “எல்லாம் நம்ம ஷார்ட்கட் வம்சம்டா! இவங்களும் ஏமாத்தறாங்க பாரு!” என்றான். ஒலிபெருக்கி அதைத் திடல் முழுக்கச் சொன்னது. சிரித்துக்கொண்டு வந்த பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவன் மகள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள்.

அவன் மனைவி கொடியைச் சுருட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். கோபம் இல்லை, குரல்கூட உயரவில்லை.

“ஏனுங்கண்ணா, விசாரிச்சீங்களா?”

அதற்குமேல் தள்ளிப்போட எனக்கு வழி இல்லை. மகள் பக்கத்திலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நண்பர்கள் சுற்றி நின்றார்கள். சொன்னேன். சார் என்னிடம் சொல்லச் சொன்னதை, நான் அவனிடம் சொல்லாததை, சொன்னேன் சார் என்று புளுகியதை, அதனால் எனக்கு இடம் கிடைத்ததை. இன்றைக்கு ஓடினவர்களிடமும் நான் சொல்லவில்லை, தப்பு அவர்கள்மேல் இல்லை என்றேன். “விடுடா, பழைய கதை” என்று யாரோ என் தோளைத் தொட்டான். அவள் விடவில்லை.

“அது செரிங்கண்ணா. ரோட்டுலயே வந்திருந்தா இவரு செயிச்சிருப்பாருங்களா?”

இத்தனை வருஷத்தில் என்னை ஒருவரும் கேட்காத கேள்வி. பதில் எனக்கு மட்டும்தான் தெரியும், அவனைக் கண்ணில் பார்க்கும் தூரத்தில் ஓடியவன் நான் ஒருவன்தான்.

“செயிச்சிருப்பாம்மா. அந்தத் திருப்பத்துலயே எனக்கும் அவனுக்கும் நூறு மீட்டர் இருந்துச்சு. காட்டுக்குள்ள எறங்கறதுக்கு முன்னால அவன் நின்னான். நின்னு திரும்பி, ‘டேய், இப்படி வாடா, இதுதான் கிட்டக்க’ன்னு கை ஆட்டி என்னையக் கூப்பிட்டான். நான் வருவேன்னு பாத்துக்கிட்டே நின்னான். அப்படி நின்னும் என்னால அவனை எட்டிப் பிடிக்க முடியல. ஏமாத்தறவன் பின்னால வர்றவனைக் கூப்பிடுவானா?”

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் சிரிக்கிறாள் என்பது தோளைப் பார்த்தால் தெரிந்தது. “அவுரேதான்” என்றாள். “என்னையும் அப்படித்தானுங்க எல்லாத் தடத்துலயும் இழுத்துக்கிட்டுப் போவாரு.”

பலாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா, “என்ன சொல்றாரு?” என்று கேட்டார்.

“உங்க மவன் ஏமாத்தலீன்னு சொல்றாருங்க மாமா!”

“அத எதுக்கு இவரு வந்து சொல்றாரு? எனக்குத் தெரியாதாக்கும்?”

“அண்ணா, மாமாவுக்குக் கேக்கற மாதிரி இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க” என்றாள். அவர் காதுக்காக மட்டும் அவள் அதைக் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன். “நான் அவன்கிட்ட சொல்லவே இல்லீங்க! பொய் சொன்னேனுங்க! அவன் நின்னு என்னையக் கூப்பிட்டுட்டும் முதல்ல வந்தானுங்க!” வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், வரப்பில் வந்த பெண்கள், அப்போதுதான் ரோட்டில் மூச்சிரைக்க வந்து சேர்ந்த வாத்தியார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உடனே நண்பர்களின் சட்டைப் பைகளிலிருந்து போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின. என்னுடையதும். எடுத்துப் பார்த்தேன். வகுப்புக் குழு. அனுப்பியவர் இடத்தில் அவன் பெயர், கோப்பையோடு நிற்கும் அவன் படம். நான் பேசும்போதே மகள் எழுதி முடித்திருக்கிறாள். “எங்கப்பாகிட்ட ரூல் யாரும் சொல்லல. நடுவுல நின்னு ஃப்ரெண்டக் கூப்பிட்டுட்டும் ஃபர்ஸ்ட் வந்திருக்காரு.” நகைக்கடைக்காரன் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். “ஏன்டா, இத்தனை வருஷம்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பிறகு முதல் கோப்பையை எடுத்துக்கொண்டு போய், செருப்பைக் கையில் பிடித்திருந்த அந்தப் பெண்ணிடம் கொடுத்தான். அவள் அதைப் பின்னால் வந்தவளிடம் நீட்டினாள், அவள் வாங்க மாட்டேன் என்றாள். இரண்டு பேரும் கோப்பையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவன் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் குனியவைத்தார்.

“கூப்பிட்டானா?”

“கூப்பிட்டானுங்க.”

“எறங்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியுமுங்க.”

“அவன் உன்னையக் கூப்பிட்டான். நீ அவனத் திருப்பிக் கூப்பிடலியா?”

இதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பொய் சொன்னதையே பெரிய பாவமாக வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால், திருப்பத்தில் அவன் நின்றபோது, டேய் இறங்காதே, ரோட்டுக்கே வாடா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தேன்.

“கூப்பிடலீங்க” என்றேன். அழுகை வந்தது, அவர் முன்னால் மறைக்கவும் தோன்றவில்லை.

அவர் கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை. மருமகளைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், இலை போட்டு வைத்திருந்த பந்தலைப் பார்த்தார். பிறகு என் கையையே ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

“செரி, இப்பக் கூப்பிடு சாமி. சோறு ஆறுது. எல்லாத்தையும் கூப்பிடு.”

மைக் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரோட்டில் வந்தவர்கள், வரப்பில் வந்தவர்கள், இன்னும் பனிக்குள் எங்கோ நடந்துகொண்டிருந்தவர்கள், எல்லாரையும் கூப்பிட்டேன்.